பெட்ரோல் முள் தவறாகக் காட்டினால் யார் பொறுப்பு?

கேள்வி: நான் செங்கல் பஞ்சாயத்தில் வசிக்கிறேன். 2024 ஓணத்துக்குத் திருவனந்தபுரம் ஷோரூம் ஒன்றில் ₹11 லட்சத்துக்குப் புதிய பெட்ரோல் கார் வாங்கினேன். வாரண்டி இரண்டு வருடம். 2025 மே மாதம் ஒரு ராத்திரி, அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்து நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, உதியன்குளங்கரை தாண்டியதும் கார் நின்றுவிட்டது. பெட்ரோல் முள் கால் டேங்க் காட்டிக்கொண்டிருந்தது. ரிசர்வ் லைட் எரியவே இல்லை. அம்மாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். தம்பி வந்து பைக்கிலிருந்து பெட்ரோல் எடுத்து ஊற்றிய பிறகுதான் வண்டி ஸ்டார்ட் ஆனது. மார்த்தாண்டத்தில் உள்ள கம்பெனி சர்வீஸ் சென்டரில் இரண்டு முறை காட்டிவிட்டேன். முதல் முறை, ‘இந்த மாடல் எல்லாமே கொஞ்சம் அப்படித்தான் காட்டும்’ என்றார்கள். இரண்டாம் முறை, ‘நீங்கள் களியக்காவிளையில் பெட்ரோல் போடுகிறீர்கள், கலப்படம் இருக்கும், வாரண்டி கிடையாது’ என்றார்கள். எனக்குப் புதுக் கார் கிடைக்குமா? கேரளாவில் வழக்குப் போட வேண்டுமா, தமிழ்நாட்டிலா? பெட்ரோல் இல்லாமல் ரோட்டில் நின்றால் ₹250 அபராதம் என்று சொல்கிறார்களே, உண்மையா?

— வாசகர், செங்கல்

பதில்: வழக்குப் போடலாம். திருவனந்தபுரத்திலேயே போடலாம். புதுக் கார் கிடைப்பது கடினம். முள்ளைச் சரிசெய்து தரச் சொல்லும் உத்தரவும், அந்த ராத்திரிக்கும் அதற்குப் பிந்தைய அலைச்சலுக்கும் இழப்பீடும் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் உங்கள் கையில் இப்போது இருக்கும் காகிதம் போதாது. அதனால் முதலில் காரைப் பற்றி, பிறகு கோர்ட்டைப் பற்றி.

டேங்குக்குள் பெட்ரோல் மட்டத்தோடு ஏறி இறங்கும் ஒரு மிதவை இருக்கிறது. அதன் கம்பி மின்தடைத் தடம் ஒன்றின் மேல் நகர்கிறது. அந்தத் தடை எவ்வளவு என்பதைப் பார்த்துத்தான் டேஷ்போர்டில் முள் நகர்கிறது. ‘இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும்’ என்று திரையில் வரும் கணக்கும் இதே மிதவையை நம்பித்தான். மிதவை சிக்கினாலும், தடம் தேய்ந்தாலும், எர்த் வயர் தளர்ந்தாலும், டேஷ்போர்டு மீட்டர் பெட்டியே கெட்டாலும் காட்டுவது தவறிவிடும். வண்டி சரிவில் நின்றால் ஒரு காட்டல், சமதளத்தில் ஒரு காட்டல் என்பது எல்லாக் காரிலும் உண்டு. முழு டேங்கில் முள் வெகுநேரம் அசையாமல் நிற்பதும் சகஜம். இரண்டு லிட்டர் முன்பின் வித்தியாசத்துக்கு யாரும் கோர்ட் படி ஏற வேண்டாம்.

உங்கள் விஷயம் அப்படிப்பட்டதல்ல. பொதுவாக முள் காலியைத் தொட்ட பிறகும் கொஞ்சம் பெட்ரோல் மிச்சமிருக்கும்படிதான் வடிவமைக்கிறார்கள். தவறினாலும் ஓட்டுபவர் பாதுகாப்பாக இருக்கட்டும் என்பதுதான் நோக்கம். உங்கள் முள் நேர் எதிராக, இல்லாத பெட்ரோலை இருப்பதாகக் காட்டியிருக்கிறது. உங்கள் டேங்க் 45 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், கால் டேங்க் என்பது 11 லிட்டருக்கு மேல். அவ்வளவையும் ‘இந்த மாடல் அப்படித்தான்’ என்ற ஒரு வாக்கியத்தால் கழித்துவிட முடியாது. எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை என்பதை உங்கள் மனுவில் தனி வாக்கியமாகவே எழுதுங்கள். நோயாளியை ஏற்றிக்கொண்டு ராத்திரி நெடுஞ்சாலையில் நிற்க வைத்த பழுதைச் சின்னப் பழுது என்று ஏற்க முடியாது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2025 நவம்பரில் மாருதி சுஸுகி தன் கிராண்ட் விட்டாரா கார்களில் 39,506-ஐத் திரும்ப அழைத்தது. 2024 டிசம்பர் 9 முதல் 2025 ஏப்ரல் 29 வரை தயாரானவை அவை. அவற்றில் சிலவற்றில் எரிபொருள் அளவு காட்டியும் எச்சரிக்கை விளக்கும் சரியான நிலையைக் காட்டாமல் போகலாம் என்பதுதான் காரணம். மீட்டர் பாகத்தை இலவசமாகச் சோதித்து மாற்றித் தருவதாக அறிவித்தார்கள். அதே காலத்தில் டொயோட்டாவும் அர்பன் குரூஸர் ஹைரைடர் கார்கள் 11,529-ஐ இதே காரணத்துக்காக அழைத்தது. இந்தியாவின் மிகப் பெரிய கார் கம்பெனியே ஆயிரக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைக்கும் அளவுக்கு இது பெரிய பழுது. வேறொரு மாடலின் அழைப்பு உங்கள் காரில் குறை இருப்பதை நிரூபிக்காது. ஆனால் ‘இதெல்லாம் ஒரு புகாரா’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டால் அந்த வாயை அடைக்கும். உங்கள் கம்பெனியும் இப்படி ஏதாவது அறிவித்திருக்கிறதா என்று அவர்களின் இணையதளத்தில் சேஸிஸ் நம்பரைப் போட்டு முதலில் பாருங்கள். இருந்தால் வழக்கே தேவைப்படாமல் போகலாம்.

இனி கலப்படக் கதை. எல்லையில் இருப்பவர்கள் விலை குறைவு என்று தமிழ்நாட்டுப் பக்கம் உள்ள களியக்காவிளைக்குப் போய்ப் பெட்ரோல் போடுவது எல்லோருக்கும் தெரிந்ததே. அதில் சட்டவிரோதம் எதுவுமில்லை. நீங்கள் அனுப்பிய, சர்வீஸ் சென்டர் தந்த இரண்டாவது ஜாப் கார்டின் நகலைக் கவனமாகப் படித்தேன். ‘பொது சோதனை, கழுவல்’ என்று இரண்டு வரி. டேங்கைத் திறந்ததாக இல்லை, பெட்ரோல் மாதிரி எடுத்ததாக இல்லை, மிதவை சென்சாரைக் கழற்றிப் பார்த்ததாக இல்லை, ஸ்கேனர் மாட்டியதாகக்கூட இல்லை. மோசமான பெட்ரோலால் மிதவையின் மின்தடைத் தடத்தின் மேல் படிவு படிவது நடக்கக்கூடியதுதான். ஆனால் அதைச் சொல்ல உள்ளே பார்த்திருக்க வேண்டும். பார்க்காமலே சொன்ன காரணம் நுகர்வோர் கமிஷன் முன்னால் நிற்காது. ‘எந்தச் சோதனையில் கலப்படம் தெரிந்தது, அறிக்கை கொடுங்கள்’ என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த மௌனமும் உங்களுக்குச் சாட்சி.

நடந்ததைக் காகிதத்துக்குக் கொண்டுவர இப்போது செய்ய வேண்டியது இது. ஒரே பம்பில், சமதளத்தில், தானாக நிற்கும்வரை பெட்ரோல் போடுங்கள். அதற்கு மேல் திணிக்க வேண்டாம். அளவுக்கு மேல் நிரப்பினால் டேங்கின் கழுத்துப் பகுதியில் கசியலாம் என்று 2014-இல் மாருதி ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்ததும் உண்டு. முள்ளும் ஓடிய கிலோமீட்டரும் ஒரே படத்தில் தெரியும்படி போட்டோ எடுங்கள். முள் பாதியில், காலில் வரும்போது மீண்டும் போட்டோ. கால் வந்தவுடன் அதே பம்பில், அதே மாதிரி தானாக நிற்கும்வரை நிரப்பி ரசீது வாங்குங்கள். 45 லிட்டர் டேங்கில் கால் காட்டும்போது 34 லிட்டர் அளவுக்கு ஏற வேண்டும். 43 லிட்டர் ஏறினால் முள் தவறு என்பது பம்ப் மீட்டரிலேயே எழுதப்பட்டுவிடும். இதை ஒரு தடவையோடு விடாமல் திரும்பவும் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கையேட்டில் போட்டிருக்கும் கொள்ளளவைவிடச் சில லிட்டர் கூடுதலாக ஏறினால் பம்ப்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பாய வேண்டாம். ஆவிக்காக விடும் இடமும் கழுத்துக் குழாயும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. பம்பின் அளவில் சந்தேகம் வந்தால் அங்கேயே 5 லிட்டர் முத்திரை அளவுக் குவளையில் ஊற்றிக் காட்டச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. 5 லிட்டருக்கு 25 மில்லி வரைதான் வித்தியாசம் அனுமதி. கலப்படத்துக்கு வடிதாள் சோதனையும் கேட்கலாம். பாறசாலை பம்ப் என்றால் கேரள லீகல் மெட்ராலஜி துறை, களியக்காவிளை பம்ப் என்றால் தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை அமல்படுத்தும் தொழிலாளர் துறை. எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள அதிகாரி அந்தப் பக்கத்துப் பம்பைத் தொட முடியாது.

டேங்கை வெளி மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறக்காதீர்கள். வாரண்டியை மறுக்க அவர்களுக்கு நீங்களே காரணம் கொடுத்தது போலாகும். சர்வீஸ் சென்டரிலேயே ஸ்கேனர் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பி0460 முதல் பி0464 வரையுள்ள பழுதுக் குறியீடுகள் எரிபொருள் மட்ட சென்சார் சம்பந்தப்பட்டவை. குறியீடு வந்தாலும் வராவிட்டாலும் அச்சடித்த அறிக்கை வேண்டும். ஜாப் கார்டில் ‘பெட்ரோல் கேஜ் செக்’ என்று எழுத விடாதீர்கள். ‘முள் கால் டேங்க் காட்டும்போது பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றது, எச்சரிக்கை விளக்கு எரியவில்லை’ என்று உங்கள் வார்த்தையிலேயே எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வண்டிக் கேஸ்களில் பாதி இந்த ஒரு காகிதத்தில்தான் ஜெயிக்கிறது, தோற்கிறது.

இனி சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(10) ‘குறைபாடு’ என்பதற்குத் தரும் விளக்கம் விரிவானது. சட்டமோ ஒப்பந்தமோ கோரும் தரத்தில், விற்பவர் சொன்ன தரத்தில் உள்ள எந்தக் குறையும் அதில் அடங்கும். எரிபொருள் அளவைக் காட்டும் என்று சொல்லி விற்ற கருவி அதைக் காட்டாவிட்டால் அது குறைபாடே. சோதிக்காமல் திருப்பி அனுப்பியது பிரிவு 2(11)-இன்படி சேவைக் குறைபாடு. பிரிவு 34 நீங்கள் வசிக்கும் இடத்தின் மாவட்ட கமிஷனிலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. ஆகவே சர்வீஸ் சென்டர் மார்த்தாண்டத்தில் இருந்தாலும் நீங்கள் நாகர்கோவிலுக்குப் போக வேண்டாம், வழுதக்காட்டில் இருக்கும் திருவனந்தபுரம் மாவட்ட கமிஷன் போதும். மாவட்ட கமிஷனின் வரம்பு ₹50 லட்சம். ₹10 முதல் ₹20 லட்சம் விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் ₹400. ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். மனுவை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். தமிழ் ரசீதுகளுக்கு மொழிபெயர்ப்பு இணையுங்கள். போன் போட்டோக்களுக்கு 2023-இன் புதிய சாட்சியச் சட்டம் பிரிவு 63-இன்படியான சான்றிதழ் வைத்துவிட்டால் பிறகு தகராறு வராது.

கார் தயாரித்த கம்பெனி, விற்ற ஷோரூம், மறுத்த சர்வீஸ் சென்டர் மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்று தனித்தனியே எழுதுங்கள். டீலரின் தவறுக்குத் தயாரிப்பாளரைத் தானாகப் பொறுப்பாக்க முடியாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் டாடா மோட்டார்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது.

புதுக் கார் ஏன் கடினம் என்கிறேன் என்றால், மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், வாரண்டியின் கடமை பழுதான பாகத்தைச் சரிசெய்வதோ மாற்றுவதோதான் என்று சொல்லி, காரையே மாற்றச் சொன்ன உத்தரவை விலக்கியது. அதனால் மிதவை சென்சாரையும் மீட்டரையும் மாற்றித் தரக் கேளுங்கள். மாற்றிய பிறகும் சரியாகாமல், தயாரிப்புக் குறை என்று நிபுணர் சொன்னால் மட்டும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று மாற்றுக் கோரிக்கை வையுங்கள். கூடவே மனவேதனைக்கும் செலவுக்கும் நியாயமான தொகை. கோடிகளில் கேட்டால் வழக்கின் மரியாதை குறையும்.

நிபுணர் சோதனையை விட்டுவிடாதீர்கள். சோதிக்காமல் முடிவு செய்ய முடியாத குறை என்றால் பரிசோதனைக்கு அனுப்ப நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 38 வழிசெய்கிறது. கேரளத்தில் நிபுணர் கமிஷனரை நியமிப்பது வழக்கத்தில் உள்ளதே. அவருக்கான பணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும், கட்டுங்கள். 2022-இல் திருச்சூர் கமிஷன் ஒரு டீசல் கார் வழக்கில், சொன்ன மைலேஜைவிட 40 சதவீதம் குறைவு என்று கண்டு சுமார் ₹3 லட்சம் இழப்பீடு கொடுத்தது. அதைத் தீர்மானித்ததும் நிபுணர் கமிஷனர் வண்டியை ஓட்டிப் பார்த்துத் தந்த அறிக்கைதான்.

அபராத விஷயம்: 2022 ஜூலையில் கேரளத்தில் பைக் ஓட்டிய ஒருவருக்குப் ‘போதிய எரிபொருள் இல்லை’ என்று ₹250 சலான் வந்து பரபரப்பானது. ஒருவழிப் பாதையில் வந்த குற்றத்துக்குப் பதில் தவறான பிரிவைப் பதிந்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது. அந்த விதி பயணிகளை ஏற்றும் வாடகை வாகனங்களுக்கானது. உங்கள் சொந்தக் காருக்குப் பொருந்தாது. நின்ற வண்டியைப் போக்குவரத்துக்கு இடைஞ்சலாக நடுரோட்டில் விட்டால் மட்டும் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 201-இல் ₹500 வரை அபராதம் வரலாம். ஓரம் தள்ளி ஹஸார்டு விளக்கைப் போட்டுவிடுங்கள்.

கடைசியாகக் காலக்கெடு. குறை தெரிந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்கிறது நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 69. உங்களுக்கு அது 2027 மே. ‘அடுத்த சர்வீஸில் பார்த்துத் தருகிறோம்’ என்ற வாய்வார்த்தை அந்த நாளைத் தள்ளி வைக்காது. உங்கள் வாரண்டி அதற்கு முன்பே, 2026 செப்டம்பரில் முடிகிறது. சோதனையை முடித்து, ஸ்பீட் போஸ்டில் 15 நாள் அவகாசம் தந்து மூவருக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள். வாரண்டி நடப்பில் இருக்கும்போதே அது அவர்கள் கைக்குச் சேர்ந்துவிட வேண்டும்.