நிமோனியா சிகிச்சையில் துத்தநாகத்தின் இடம்

மனித உடலுக்கு மிகச் சிறிய அளவில் தேவைப்படும் தாதுப் பொருள்களுள் துத்தநாகமும் ஒன்று. வளர்ச்சிக்கும் நோய் எதிர்ப்பாற்றலுக்கும் இது இன்றியமையாதது. தானியங்களில் உள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் துத்தநாகம் உடலில் சேர்வதைத் தடுக்கிறது. எனவே தானியத்தையே பெரிதும் நம்பி வாழும் ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளிடையே இக்குறைபாடு மிகுந்து காணப்படுகிறது. துத்தநாகம் அளித்தால் நிமோனியா விரைவில் குணமாகுமா என்ற வினா இதிலிருந்தே எழுந்தது.

ஆய்வு முடிவுகள்

வங்காளதேசத்தின் மட்லப் மருத்துவமனையில், கடும் நிமோனியாவுக்கு ஆளான 2 முதல் 23 மாத வயதுள்ள 270 குழந்தைகளிடம் நடைபெற்ற ஆய்வு 2004-இல் வெளியாயிற்று. வழக்கமான மருந்துகளுடன் நாள்தோறும் 20 மில்லிகிராம் துத்தநாகம் பெற்ற குழந்தைகள் ஏறத்தாழ ஒரு நாள் முன்னதாகக் குணமடைந்தனர். ஆனால், வேலூரில் அதே வயதுடைய 299 குழந்தைகளிடம் அதே அளவைக் கொடுத்து நடத்தி, 2006-இல் வெளியிடப்பட்ட ஆய்வில் இப்பயன் தென்படவில்லை. உகாண்டாவில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில் குணமாகும் காலம் குறையவில்லை. எனினும் இறப்பு குறைந்தது. எச்.ஐ.வி. தொற்றுடைய குழந்தைகளிடம் அப்பயன் மிகுதியாக இருந்தது. இவ்வாறு முடிவுகள் ஒன்றுபடாமையால், நிமோனியாவுக்குரிய வழக்கமான சிகிச்சையில் துத்தநாகம் இடம்பெறவில்லை.

வேறுபாடு அறிதல்

வயிற்றுப்போக்கின் நிலை வேறு. உப்பு-சர்க்கரைக் கரைசலுடன் 10 முதல் 14 நாட்கள் துத்தநாகம் அளிக்குமாறு உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2004-இல் பரிந்துரைத்தன. இந்தியாவிலும் இம்முறை பின்பற்றப்படுகிறது. அதாவது, கிராமச் சுகாதார ஊழியரின் கைக்கெட்டும் இடத்தில் இம்மாத்திரை ஏற்கெனவே உள்ளது. இதுவே கவனத்திற்குரியது. இருமலும் மூச்சுத் திணறலுமாக வரும் குழந்தைக்கு அதனை மட்டும் கொடுத்து அனுப்பினால், உயிர் காக்கும் நேரம் வீணாகும்.

முதற்கடமைகள்

முதலில் செய்யத்தக்கது, குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுவதாகும். 2 முதல் 11 மாதம் வரை 50-உம், 1 முதல் 5 வயதுக்குள் 40-உம் அதற்கு மேலும் இருப்பின் அது வேக மூச்சாகும். இத்தகைய குழந்தைக்கு அமாக்சிசிலின் தேவை. நோய் கடுமையாயின் மருத்துவமனையும் ஆக்சிஜனும் தேவை. 2021 முதல் நாடெங்கும் விரிவுபடுத்தப்பட்ட நிமோகாக்கல் தடுப்பூசி நோய் வருவதையே குறைக்கிறது.

துத்தநாகத்தின் விலை சிறிது. ஆயினும் ஊழியரின் நேரமும் குழந்தையின் நேரமும் விலை மிக்கவை. வயிற்றுப்போக்கில் பயன் தந்த மாத்திரை நிமோனியாவிலும் பயன் தரும் என்று கொள்ளாதிருப்பதே திட்டங்களை நிறைவேற்றுவோர் கற்க வேண்டிய பாடமாகும்.