பிரைமரியை இறக்குவதற்கு முன்

அந்த இரவு எங்கள் மாங்கோடிபி கிளஸ்டரில் எந்த நோடும் விழவில்லை. அதுதான் சிக்கலாகிப் போனது. மூன்றில் பிரைமரியாக இருந்த நோடின் டிஸ்க் பழுதாகி, ஒவ்வொரு பதிவும் பல நொடிகள் திணறிக்கொண்டிருந்தது. ஆனால் இரண்டு நொடிக்கு ஒருமுறை வரும் ஹார்ட்பீட்டுக்கு மட்டும் ஒழுங்காகப் பதில் போனது. பத்து நொடி பதில் இல்லாமல் போனால்தான் மற்றவை தேர்தல் வைக்கும். மூச்சு இருக்கும்வரை பதவியும் இருக்கும்.

பொறுமையிழந்து அந்த ப்ராசஸை கில் செய்தேன். சில நொடிகளில் புதிய பிரைமரி வந்தது, தூங்கப் போய்விட்டேன். காலையில் பழைய நோடை ஏற்றியதும், செகண்டரிகளுக்குப் போய்ச் சேராத பதிவுகளை அது தன்னிடமிருந்து நீக்கி, ரோல்பேக் ஃபோல்டரில் ஒதுக்கிவிட்டது. அவ்வளவும் வாடிக்கையாளர்களின் ஆர்டர்கள். பதிவாகிவிட்டது என்று அவர்களுக்கு நாங்களே செய்தி அனுப்பியிருந்தோம். ஒவ்வொன்றாகப் பிரித்துக் கையால் சேர்க்க இரண்டு நாள் ஆனது. (மெஜாரிட்டி நோடுகளில் பதிவான பிறகே ஒப்புதல் தருவது 5.0 பதிப்பிலிருந்துதான் இயல்பான அமைப்பு. எங்களுடையது அதற்கு முந்தையது.) பெரிய இடங்களிலும் இது நடக்கும்: 2018 அக்டோபரில் கிட்ஹப்பில் 43 நொடி நெட்வொர்க் துண்டிப்புக்குப் பின் டேட்டாபேஸ் தலைமை மாறியது. அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்த டேட்டா சென்டரில் பதிவானவை மறு கரையில் இருந்ததற்குப் போய்ச் சேராததால், நிலைமை சீராக 24 மணி 11 நிமிடம் பிடித்தது.

இப்போது முதலில் செகண்டரிகள் எத்தனை நொடி பின்தங்கியிருக்கின்றன என்று பார்க்கிறேன். பிறகு பிரைமரியிலேயே ஸ்டெப்டவுன் கட்டளை. ஏதாவது ஒரு செகண்டரி தன்னை எட்டிப்பிடிக்க அது பத்து நொடி காத்திருக்கும். எட்டாவிட்டால் இறங்க மறுக்கும். அப்போது ஃபோர்ஸ் சேர்க்கத்தான் கை துடிக்கும். சேர்க்காதீர்கள். பதிவுகள் இன்னும் போய்ச் சேரவில்லை என்று அது உங்களிடம் சொல்கிறது. அப்ளிகேஷனின் பதிவுகளை நிறுத்துங்கள், பின்தங்கல் குறையட்டும், மறுபடி கொடுங்கள்.

இன்ன நோடுதான் வரவேண்டும் என்றால், மற்ற செகண்டரியில் முன்னதாகவே ஃப்ரீஸ் கொடுத்துவிடுவேன். அது ஓட்டுப் போடும், போட்டியில் நிற்காது. இறங்கிய நோடு 60 நொடி கழித்து மீண்டும் தகுதி பெற்றுவிடும். அதனால் புதிய பிரைமரி வந்த கையோடு பழையதன் பிரையாரிட்டியைப் பூஜ்யமாக்குவேன்.

நோடுகளின் பட்டியலையே கட்டாயமாக மாற்றும் ஃபோர்ஸ் ரீகான்ஃபிக், ஸ்டெப்டவுனில் ஃபோர்ஸ் சேர்ப்பதைவிட அபாயமானது. இன்னொரு நாள், மூன்றில் ஒரு நோடு மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. அதுவும் செகண்டரியாகவே நின்றது. மற்ற இரண்டையும் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டு இதையே பிரைமரியாக்கும் கட்டளையைத் தயாராக அடித்து வைத்துக்கொண்டு, டேட்டா சென்டருக்கு போன் போட்டேன்.

"அண்ணே, அந்த ரெண்டு மெஷினும் செத்துப்போச்சா?"

"இல்ல தம்பி, ரெண்டும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. நடுவுல சுவிட்ச்தான் போயிருச்சு."

அந்த இரண்டும் தங்களுக்குள் ஒரு பிரைமரியைத் தேர்ந்தெடுத்து, ஆர்டர்களை வாங்கிக்கொண்டிருந்தன. என் திரையில் என்டர் மட்டுமே பாக்கி.