பதினேழாம் நாள் காலை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நடைக்குழுவில் ஒருவர் மனைவியைப் பறிகொடுத்துவிட்டார், அவரை மறுபடி கூப்பிடலாமா, கூப்பிட்டால் என்ன பேசுவது என்று கேட்டிருந்தாய். கூப்பிடத்தான் வேண்டும். எப்போது, எப்படி என்பதில்தான் கவனம் வேண்டும்.

முதல் பதினாறு நாளைப் பற்றிக் குழு கவலைப்பட வேண்டாம். அதைத் தஞ்சைச் சீமை நன்றாகவே பார்த்துக்கொள்ளும். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. அடுத்த வீட்டிலிருந்து சாப்பாடு வரும். பந்தலில் நாற்காலி போட்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் தோளோடு தோள் கட்டி ஒப்பாரி வைப்பார்கள். பால் தெளிப்பு, துக்கம் விசாரிப்பு, கருமாதி என்று பங்காளிகளும் சம்பந்திகளும் ஒவ்வொரு நாளையும் ஏதாவதொரு வேலையால் நிரப்பிவிடுவார்கள். காரியம் முடிந்து பந்தல் பிரித்ததும் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயிலேறுவார்கள். பதினேழாம் நாள் விடியற்காலை, வழக்கமாக நடைக்குக் கிளம்பும் நேரத்தில், அவர் மட்டும் விழித்து உட்கார்ந்திருப்பார்.

குழுவின் வேலை அங்கே தொடங்குகிறது.

நாலு பேரோடு சேர்ந்து உடம்பை அசைப்பதால் துக்கம் தணியுமா என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு ஜப்பானின் இவானுமா நகரத்துக் கதையைச் சொல். அங்கே முதியோரின் உடல்நலம் பற்றி 2010 ஆகஸ்டில் ஓர் ஆய்வு எடுத்திருந்தார்கள். ஏழு மாதத்தில், 2011 மார்ச் 11 அன்று, சுனாமி வந்து ஊரின் ஏறக்குறைய பாதியை மூழ்கடித்தது. உயிர் தப்பியவர்களை 2013இல் மறுபடி தேடிப்போய்க் கேட்டார்கள். 3,567 பேரின் விடைகளை ஒப்பிட்டதில், கூட்டு உடற்பயிற்சிக்கு முன்பைவிட அடிக்கடி போனவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் அவ்வளவாக ஏறவில்லை. நடையை அதிகமாக்கிக்கொண்டவர்களிடமும் அப்படியே. மனம் தெளிந்தவர்கள்தான் பயிற்சிக்குப் போயிருப்பார்கள் என்றும் வாதாடலாம். அதனால் இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமிக்கு நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் பலிகொடுத்த நமக்கு அந்த ஊர்க்காரர்களின் அனுபவம் அந்நியமானதல்ல.

ஜப்பானியர் 1928 முதல் வானொலி இசைக்கு ஏற்பக் காலையில் கூட்டாகப் பயிற்சி செய்கிறார்கள். எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து நிற்பார்கள். யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் தஞ்சையில் புது ஆற்றங்கரையில் நடக்கும்போதும் அப்படித்தான். எதிரே உட்கார்ந்து முகம் பார்த்து விசாரிப்பவரிடம் வாய் திறக்காத மனிதர், பக்கத்தில் நடப்பவரிடம் இரண்டு வார்த்தை சொல்வார். சொல்லாவிட்டாலும் நடை நடந்துவிடும்.

எனவே அவரை நீங்கள் கூடும் மைதானத்துக்கு வரச் சொல்லாதே. இரண்டு பேர் அவர் வீட்டு வாசலுக்குப் போங்கள். ஒரே நேரம், முறை வைத்து, தினமும். "இன்றைக்கு வேண்டாம்" என்றால் சரி என்று சொல்லிவிட்டு மறுநாளும் போங்கள். குடும்ப வழக்கப்படி ஓராண்டு கோயிலுக்குப் போகாதவராக இருந்தால், பெரிய கோயிலுக்குள் போய் முடிக்கும் உங்கள் வழியைக் கொஞ்ச நாள் மாற்றுங்கள். அவருக்கு வயல் இருந்து, முறைப்பாசனத்தில் தண்ணீர் வரும் நாள் அது என்றால், மடை பார்க்க ஓர் ஆளை அனுப்புங்கள்.

வேகம் கூடாது. பிரிட்டனில் துணையை இழந்த, 60 முதல் 89 வயதுவரையான 30,447 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் ஒரு கட்டுரை வந்தது. இழப்புக்குப் பிந்தைய 30 நாளில் அவர்களில் பத்தாயிரத்துக்கு 16 பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தது. துணையை இழக்காதவர்களில் அது 8 பேர். எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் இரு மடங்கு. தூக்கமில்லாமல், ஒழுங்காகச் சாப்பிடாமல், பிரஷர் மாத்திரையை எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் இருக்கும் உடம்பு அது. முதலில் கால் மணி நேரம் போதும். நடை முடிந்து காபி குடிக்கும்போது, மாத்திரை போட்டாரா, ராத்திரி என்ன சாப்பிட்டார் என்று சாதாரணமாகக் கேளுங்கள். "நடப்போம் நலம் பெறுவோம்" என்று 2023 நவம்பரில் அரசு மாவட்டந்தோறும் வகுத்த 8 கிலோமீட்டர் பாதை அங்கேயேதான் இருக்கும், இப்போது அவசரமில்லை.

உங்கள் குழுவில் கடைசியில் கைதட்டிச் சிரிக்கும் பயிற்சி உண்டல்லவா? மும்பைப் பூங்கா ஒன்றில் 1995இல் டாக்டர் மதன் கட்டாரியா ஐந்து பேரோடு தொடங்கி வைத்தது உலகமெல்லாம் பரவிவிட்டது. துக்கத்தில் இருப்பவருக்காக அதை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் தன்னால்தான் என்று கூசிப்போவார். அந்த ஐந்து நிமிடம் அவரோடு ஒருவர் முன்னால் நடக்கத் தொடங்கட்டும். ஒருநாள் அவரே சிரித்துவிட்டால் யாரும் அதைப் பாராட்டிப் பேச வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் நாற்பது பேர் கைகூப்பும் படம் போட்டு, அதன் அடியிலேயே அரசியல் மீம் வருவது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. அதைத் தடு. "வயசாச்சு, கொடுத்து வைத்தவர்", "நீங்கள்தான் தைரியமாக இருக்கணும்" என்ற வசனங்களையும் தவிர்க்கச் சொல். அந்த அம்மாவின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அவர் கைப்பக்குவம், அவர் போட்ட வடு மாங்காய், எதுவானாலும் சரி.

இழந்தவர் பெண்ணாக இருந்தால் வேலை இன்னும் கடினம். புருஷனை இழந்தவள் விடியற்காலையில் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று முகம் திருப்புகிறவர்கள் இன்றும் தெருவுக்கு இரண்டு பேர் உண்டு. அந்தத் தெருவில் ஐந்தாறு பெண்களாகச் சேர்ந்து போய் அவரை நடுவில் விட்டு அழைத்து வரவேண்டும்.

தேதிகளை மறக்காதே. கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளியில் 2004 ஜூலை 16 அன்று தீயில் 94 குழந்தைகள் போனார்கள். அந்தப் பெற்றோர் ஆண்டுதோறும் அதே நாளில் பள்ளி வாசலில் கூடிப் படங்களுக்கு மாலை போடுகிறார்கள். அவர்களுக்கு நாட்காட்டி நகரவேயில்லை. உங்கள் குழு நோட்டிலும் திதி, கல்யாண நாள், முதல் தீபாவளி மூன்றையும் குறித்து வை. அன்று காலை இருவருக்குப் பதில் நால்வர் போகட்டும்.

குழுவால் முடியாததும் உண்டு. ஆறு மாதம் தாண்டியும் துக்கம் கொஞ்சமும் இளகாமல், அன்றாட வேலையே ஓடவில்லை என்றால் அதை நோயாகவே கருதிப் பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியல். "போய்ச் சேர்ந்தால் தேவலை" என்று பேச ஆரம்பித்தால் ஆறு மாதம் காத்திருக்காதே. அன்றே பிள்ளைகளுக்குச் சொல், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போ. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம். அந்த எண்ணைக் குழுவில் எல்லாருடைய போனிலும் பதிந்து வைக்கச் சொல்.

யார் யார் எந்தக் கிழமை போவது என்ற பட்டியலை இந்த வாரமே போட்டுவிடு. திங்கட்கிழமைக்கு ஓய்வுபெற்றவர்களைப் போடு. வேலைக்குப் போகிறவர்கள் அன்று அவசரப்படுவார்கள்.

அன்புடன்,
சித்தப்பா
திருவையாறு