சூட்டில் கெட்ட மருந்து

சளி பிடித்தால் வீட்டில் கஷாயம் வைக்கிறோம். இலையைத் தண்ணீரில் போடுகிறோம். நன்றாகக் கொதிக்க வைக்கிறோம். எல்லா மூலிகைக்கும் இது பொருந்துமா? சீனாவில் நடந்த இந்த உண்மைக் கதையைப் படியுங்கள்.

மலேரியா கொசுவால் பரவும் நோய். குளிரும் காய்ச்சலும் விட்டு விட்டு வரும். உயிரையும் பறிக்கும். பழைய மருந்துகள் பல இடங்களில் பலிக்காமல் போயின. 1967-ல் சீன அரசு புதிய மருந்து தேடத் தொடங்கியது.

1969-ல் இந்த வேலை தூ யூயூ என்ற பெண்மணியிடம் வந்தது. அவர் மருந்து ஆராய்ச்சி செய்பவர். பழைய வைத்திய நூல்களைப் படித்தார். ஊர் வைத்தியர்களைக் கேட்டார். 2,000-க்கும் மேற்பட்ட குறிப்புகளைச் சேர்த்தார்.

அவற்றில் ஒரு செடி இருந்தது. அதன் பெயர் சிங்ஹாவ். பூக்கடையில் விற்கும் மரிக்கொழுந்தும் இதே இனம்தான். சிங்ஹாவ் சாறு ஒரு முறை வேலை செய்தது. மறுமுறை செய்யவில்லை. ஏன்?

தூ யூயூ மீண்டும் நூல்களைப் புரட்டினார். சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முந்தைய நூல் ஒன்றில் விடை கிடைத்தது. செடியைத் தண்ணீரில் ஊற வை, பிழி, சாற்றைக் குடி என்று அதில் இருந்தது. கொதிக்க வைக்கச் சொல்லவில்லை! சூட்டில் மருந்துச் சத்து கெடுகிறதோ என்று அவர் நினைத்தார்.

தண்ணீர் கொதிக்க 100 டிகிரி சூடு வேண்டும். ஈதர் என்ற திரவத்துக்குச் சுமார் 35 டிகிரி போதும். இலையின் சத்தை ஈதரில் இறக்கினார். ஈதர் ஆவியாகிப் போனது. சத்து கெடாமல் தங்கியது. தண்டில் அந்தச் சத்து இல்லை, இலையில்தான் உண்டு என்பதும் தெரிந்தது.

1971 அக்டோபரில் அந்தச் சத்தை எலிகளுக்குக் கொடுத்தார்கள். மலேரியாக் கிருமிகள் முழுவதும் அடங்கின. 1972-ல் தூ யூயூவும் உடன் இருந்தவர்களும் முதலில் தாங்களே மருந்தைச் சாப்பிட்டார்கள். ஆபத்து இல்லை என்று பார்த்துக்கொண்டார்கள். பிறகு 21 நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் குணமானார்கள்.

அந்த மருந்தின் பெயர் ஆர்ட்டெமிசினின். இதிலிருந்து செய்த மாத்திரைகள் இன்று நம் நாட்டிலும் மலேரியாவுக்குத் தரப்படுகின்றன. 2015-ல் தூ யூயூவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மூலிகை மட்டும் போதாது. எந்தப் பாகம், எவ்வளவு சூடு, எவ்வளவு அளவு என்று தெரிய வேண்டும். வீட்டில் காய்ச்சும் கஷாயத்தில் சத்து எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. குறைந்தால் கிருமி சாகாது. நோய் முற்றிவிடும்.

ஆகவே குளிர் காய்ச்சல் வந்தால் காத்திருக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மாத்திரையை முழுவதும் சாப்பிடுங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. பழைய நூலில் என்ன எழுதி இருந்தது?
2. ஈதரைப் பயன்படுத்தியது ஏன்?
3. உங்கள் ஊரில் எந்த மூலிகையைக் கொதிக்க வைக்காமல் பயன்படுத்துகிறார்கள்? பெயரை எழுதுங்கள்.