அரண்மனை கல்விச்சாலையாயிற்று

விதேக மன்னர் ஜனகர், கொம்புகளில் பொன் கட்டிய ஆயிரம் பசுக்களைத் தம் அவையிலிருந்த பெரும் ஞானிக்கு அளிக்க முன்வந்தார் என்று பிருஹதாரண்யக உபநிஷதம் கூறுகிறது. யாக்ஞவல்கியர் அவற்றை ஓட்டிச் செல்லுமாறு தம் சீடனைப் பணித்தார். பின்னர் ஒரு சமயம் அதே ஜனகர், நாட்டையும் தம்மையுமே குருவிடம் ஒப்படைக்க முற்பட்டார். பாரத மரபில் கல்விக்கு அரசு செய்யும் மரியாதை எத்தகையது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. அந்த விதேகமே இன்றைய பீகாரின் வடபகுதியிலுள்ள மிதிலை.

நியாயத்தின் தாயகம்

14ஆம் நூற்றாண்டில் கங்கேச உபாத்தியாயர் இயற்றிய 'தத்துவ சிந்தாமணி' நவ்ய நியாயம் என்னும் புதிய தர்க்க நெறிக்கு அடித்தளமாயிற்று. அதைக் கற்கத் தொலைதூரத்திலிருந்தும் மாணவர்கள் மிதிலைக்கு வந்தனர். அங்கு 'சலாகா பரீட்சை' என்றொரு தேர்வு வழங்கியதாகச் சொல்வர். ஓலைச்சுவடியில் ஊசியைக் குத்துவார்கள். அது எந்த ஏட்டில் சென்று நிற்கிறதோ, அந்த ஏட்டின் பொருளை மாணவன் விளக்க வேண்டும். நூல் முழுவதும் நெஞ்சில் பதியாதவன் இதில் தேற முடியாது.

இவ்வறிவை மிதிலைப் பண்டிதர்கள் புதையலெனக் காத்தனராம். சுவடியைப் படியெடுக்க அனுமதி கிட்டாததால், வங்கத்து வாசுதேவ சார்வபௌமர் நூலை மனப்பாடம் செய்து தம் நாட்டிற்குக் கொண்டு சென்றார் என்று மரபுச் செய்தி உண்டு. பூட்டி வைத்தாலும் வித்தை ஓரிடத்தில் தங்குவதில்லை.

புலமையால் வந்த செல்வம்

16ஆம் நூற்றாண்டில், அக்பர் காலத்தில், மிதிலையின் நிர்வாகம் மகேஷ் தாக்கூர் என்னும் நியாய அறிஞரிடம் வந்தது. அவருடைய மாணவர் ரகுநந்தனர் தம் புலமைக்குப் பரிசாகப் பெற்றதைக் குருதட்சிணையாக அளித்தார் என்று மிதிலை மக்கள் கூறுவர். இவ்வாறு கல்வியால் எழுந்த குடும்பமே தர்பங்கா அரச மரபு. பிற்காலத்தில் சம்ஸ்கிருதப் பேரறிஞராகவும் அலகாபாத் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கிய கங்காநாத் ஜா, இளமையில் தர்பங்கா அரச நூலகத்தில் நூலகராகப் பணியாற்றியவர்.

திரும்பிச் சென்ற கொடை

சுதந்திரத்திற்குப் பின் ஜமீன்தாரி முறை ஒழிந்தது. அரச குடும்பத்தின் நிலவுடைமை கைவிட்டுப் போயிற்று. அந்நிலையிலும் மகாராஜாதிராஜர் காமேசுவர சிங் கொடுப்பதை நிறுத்தவில்லை. தர்பங்காவில் சம்ஸ்கிருத ஆய்வுக்கென 1951இல் தொடங்கப்பட்ட மிதிலா ஆராய்ச்சி நிலையத்திற்கு நிலமும் கட்டடமும் வழங்கினார். 1960இல் தம் குடும்பத்தின் லட்சுமீசுவர விலாச அரண்மனையையே சம்ஸ்கிருதக் கல்விக்கு அர்ப்பணித்தார். 1961 ஜனவரி 26 அன்று அங்கே அவர் பெயரால் காமேசுவர சிங் தர்பங்கா சம்ஸ்கிருதப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. மறு ஆண்டே, 1962இல், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

வேதம், வியாகரணம், சாகித்தியம், தர்சனங்கள், ஜோதிடம் ஆகியவை அங்கு பாடங்களாயின. அப்பல்கலைக்கழகம் வெளியிடும் பஞ்சாங்கம் மிதிலையின் இல்லங்களில் விரதங்களுக்கும் விழாக்களுக்கும் வழிகாட்டுகிறது.

நாம் கொள்ள வேண்டுவது

குருவுக்குக் காணிக்கையாக வந்த செல்வம், நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் குருகுலத்திற்கே திரும்பியது. நிலம் சட்டத்தால் போயிற்று. பட்டங்கள் காலத்தால் போயின. கல்விக்கு மனமுவந்து கொடுத்தது மட்டும் கொடுத்தவர் பெயரோடு நிற்கிறது.

ஆயினும் அரண்மனையைத் தந்ததோடு வித்யாதானம் நிறைவுறுவதில்லை. கட்டடத்தை அரசர் தரலாம். அதனுள் ஊசி முனைக்கும் அஞ்சாமல் அமரும் மாணவனையும், அறிவைப் பூட்டி வைக்காத ஆசிரியரையும் சமுதாயமே தர வேண்டும். அந்த மீதிப் பாதி நம் கடமை.