காரம் அணிலுக்கு மட்டும்

கேள்வி: பனிக்காலத்தில் குருவிகளுக்காகக் கொல்லையில் தீனிப்பெட்டி தொங்கவிட்டால், கறுப்பு அணில்கள் வந்து காலிசெய்துவிடுகின்றன. எப்படித் தடுப்பது?
– ஒரு வாசகி, டொரொண்டோ

பதில்: உங்கள் ஊர்க் கறுப்பு அணில் தனி இனமல்ல, சாம்பல் அணிலின் நிற வேறுபாடுதான். குளிர்கால உறக்கம் அதற்குக் கிடையாது, ஜனவரியிலும் பசிக்கும்.

முதலில் பெட்டியை மரக்கிளையிலிருந்து இறக்குங்கள். மரம், வேலி, கூரை எல்லாவற்றிலிருந்தும் 10 அடியாவது தள்ளி இரும்புக் கம்பம் நட்டு, அதில் மாட்டுங்கள். கம்பத்தில் 5 அடி உயரத்தில் கூம்பு வடிவத் தகரத் தடுப்பு வேண்டும். அடியில் பனி குவிந்தால் அந்த உயரம் குறைந்துவிடும், அவ்வப்போது வழித்துவிடுங்கள். கிரீஸ் பூசச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அது இறகில் ஒட்டினால் பறவை குளிரில் விறைத்துப்போகும்.

மிளகாய்? காரம் பறவைக்கு உறைக்காது, அணிலுக்கு உறைக்கும். ஆனால் சமையலறைத் தூளைத் தூவினால் காற்றில் பறந்து உங்கள் கண்ணைத்தான் முதலில் பதம்பார்க்கும். காரம் ஏற்றிய விதையே கடையில் கிடைக்கிறது. என்னைக் கேட்டால், சூரியகாந்தி விதைக்குப் பதில் குசும்பா விதை போடுங்கள். சிவப்புக் கார்டினல் பறவை விரும்பித் தின்னும். அணில் பெரும்பாலும் சீந்தாது. பசி முற்றினால் அதையும் தின்கிற அணில்கள் உண்டு.