எலியைப் பிடிக்கும் கை

நம் பண்பொழி வயல்களில் நெற்கதிர் பால் பிடிக்கும் காலம் வந்துவிட்டால், எலியைப் பற்றிய பேச்சு வீட்டுக்கு வீடு எழும். வரப்பில் வளை தோண்டிக் கதிரைக் கடித்து உள்ளே சேர்க்கும் இச்சிறு பிராணியைப் பொறி வைத்தும் புகை போட்டும் பிடிப்பதே நாம் அறிந்த வழி. எலியைப் பிடிக்கும் கை மென்மையாக இருக்கவேண்டும் என்று யாரேனும் சொன்னால் நம் தாத்தாமார் சிரிப்பார்கள். ஆனால் ஆய்வுக்கூடத்தில் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். இரக்கம் ஒன்றே அதற்குக் காரணமன்று. முரட்டுக் கையால் பிடித்த எலி, ஆராய்ச்சியாளருக்குப் பொய்யான விடை தந்துவிடும். அஃது எவ்வாறு என்பதை அக்குபங்சர் ஆராய்ச்சியை வைத்துக் காண்போம்.

அக்குபங்சர் என்பது உடலின் குறிப்பிட்ட இடங்களில் மெல்லிய ஊசிகளைச் செருகி நோய் தீர்க்க முயலும் பழைய சீன வைத்தியம். ஊசி குத்தினால் வலி குறைகிறது என்று நோயாளி சொல்லும்போது, குறைத்தது ஊசியா, வைத்தியர்மேல் அவர் கொண்ட நம்பிக்கையா என்ற ஐயம் எழுவது இயல்பு. எலிக்கு வைத்தியரைத் தெரியாது. ஊசியின் புகழையும் அது கேட்டதில்லை. ஆகவேதான் இக்கேள்வி எலியிடமும் முயலிடமும் சென்றது.

பீகிங் நகரில் ஹான் ஜிஷெங் என்ற மருத்துவப் பேராசிரியர் 1965-ஆம் ஆண்டில் இவ்வாராய்ச்சியைத் தொடங்கினார். ஊசி போட்ட முயலின் மூளைநீரை எடுத்து, ஊசியே போடாத வேறொரு முயலின் மூளைக்குள் செலுத்தியபோது, அந்த இரண்டாம் முயலுக்கும் வலி தாங்கும் ஆற்றல் கூடியது. அப்படியானால் மூளையில் ஏதோ ஒரு பொருள் சுரந்திருக்க வேண்டும் அன்றோ? 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்ற இருவர், உடல் தானே உண்டாக்கும் அபின் போன்ற பொருளைக் கண்டறிந்து வெளியிட்டனர். மறு ஆண்டே கனடாவின் டொராண்டோவில் புரூஸ் பொமரான்ஸ் சுண்டெலிகளை வைத்து ஆராய்ந்தார். அபினின் வேலையைத் தடுக்கும் நாலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்ததும் ஊசியின் பயன் மறைந்துபோயிற்று.

இங்கேதான் சிக்கல் வருகிறது. நாய் துரத்த ஓடிவரும் சிறுமிக்குக் காலில் முள் தைத்தது, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகுதான் தெரியும். அச்சமும் நெருக்கடியும் வந்தால் உடல் தானாகவே வலியை அடக்குகிறது. அதற்கும் இதே பொருள்கள் உதவுகின்றன. 1936-இல் மான்ட்ரியல் நகரில் ஹான்ஸ் செலியே, எலிகளுக்கு எவ்வகைத் துன்பம் நேர்ந்தாலும் அவற்றின் உடல் ஒரே மாதிரி பாதிப்படைகிறது என்று காட்டினார். அட்ரினல் சுரப்பி பருத்துவிடுகிறது. வயிற்றில் புண் வருகிறது. எலியை அசையவிடாமல் கட்டி வைப்பதும் அத்தகைய துன்பமே. ஆக, கட்டிப்போட்ட எலிக்கு ஊசி போட்டு, வலி குறைந்தது என்று எழுதிவிட்டால், குறைத்தது ஊசியா கட்டா? ஊசியில்லாமல் அதே போலப் பிடித்து வைத்த எலிகளையும், பிடிக்காமலே விட்ட எலிகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் விடை கிடைக்கும்.

மயக்க மருந்து கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். மயங்கிய எலி வலியைப் பற்றிச் சரியான சான்று சொல்லாது. வலியை அளக்கும் வழிகளுள் ஒன்று 1941 முதல் வழக்கில் உள்ளது. எலியின் வாலில் ஓர் ஒளியைக் குவித்து, சூடு உறைத்ததும் அது வாலைச் சுண்டி இழுக்க எத்தனை வினாடி ஆகிறது என்று கணக்கிடுவார்கள். இழுக்காவிட்டாலும், வால் வெந்துபோகாதபடி குறித்த வினாடியில் ஒளியை அணைத்துவிட வேண்டும். இதற்கு எலி விழித்திருக்க வேண்டும். அமைதியாகவும் இருக்க வேண்டும்.

அமைதிக்கு வழி எலியின் சுபாவத்திலேயே இருக்கிறது. அதற்கு இருட்டும் இடுக்கும் பிடிக்கும். ஆகையால் காற்றுத் துளைகளும் உள்ளே மங்கலான வெளிச்சமும் உள்ள ஒரு குழாயிலோ, துணிப் பையிலோ அதை நுழையவிடுவார்கள். வாலும் பின்னங்காலும் வெளியே இருக்கும். மனிதருக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில் உள்ள சூசான்லி என்ற ஊசியிடம் எலிக்கும் பின்னங்காலில் அதற்கு ஒத்த இடத்தில் உண்டு. தூக்கும்போது வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது. வால் தோல் உரிந்து வந்துவிடும். உள்ளங்கையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, தோளைச் சுற்றி விரல்களை வைத்து, பின்னுடலை மறு கையால் தாங்க வேண்டும். குழாயை இறுக்கி அடைப்பதும் தவறு. நம்மைப் போல எலிக்கு உடலெங்கும் வியர்க்காது. உடற்சூட்டை வெளியேற்ற அதற்கு வால் பெரிதும் உதவுகிறது. நம் தென்காசிக் கோடையில் இறுகிய குழாயில் அடைபட்ட எலி எப்படித் தவிக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

எலி வருந்துவதை நாம் எப்படி அறிவது? அதன் கண்ணோரம் சிவந்த நீர் கசியும். பார்த்தவர் இரத்தம் என்று பதறுவர். அது கண்ணுக்குப் பின்னுள்ள ஒரு சுரப்பியின் நிறமிதான். அது குரலெழுப்பவும் செய்கிறது. ஆனால் நம் செவி வினாடிக்கு இருபதாயிரம் அதிர்வுகளுக்கு மேல் கேளாது. அச்சமுற்ற எலியோ ஏறத்தாழ இருபத்திரண்டாயிரம் அதிர்வில் கத்துகிறது. பக்கத்தில் நின்றாலும் நமக்கு அது ஊமைதான்.

நம் மாணவியர் கேட்டுச் சிரிக்கக்கூடிய ஒரு செய்தியும் உண்டு. 2014-இல் மான்ட்ரியலில் ஜெஃப்ரி மோகில் குழுவினர் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, ஆண்கள் அறைக்குள் இருந்தாலே, அவர்கள் அணிந்த சட்டை இருந்தாலே கூட, எலிகளும் சுண்டெலிகளும் கலங்குகின்றன, வலியுணர்வு குறைந்துவிடுகிறது. அந்தக் கலக்கம், குழாயில் கால்மணி நேரம் அடைத்து வைத்தால் வருவதற்கு ஒப்பானதாம். பெண்கள் அருகிலிருந்தால் அவ்வாறு நேர்வதில்லை. ஆய்வுக்கூடம் ஆண்களுக்கே உரியது என்று எண்ணுவோர் இதையும் சேர்த்து எண்ணட்டும்.

நம் நாட்டில் இவ்வுயிர்களுக்காகச் சட்டம் வரக் காரணமாயிருந்தவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். நாட்டியத்தால் புகழ்பெற்ற அவர் மாநிலங்களவை உறுப்பினராகி, பிராணிவதைத் தடுப்புக்கென ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அம்முயற்சியைத் தொடர்ந்து 1960-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. சிறு பிராணிகளால் முடியுமிடத்தில் பெரிய பிராணிகளைச் சோதனைக்கு உட்படுத்தலாகாது என்று அது கூறுகிறது. அந்தச் சிறு பிராணிகளின் பட்டியலில் எலியும் இருக்கிறது. பசுவும் நாயும் தப்பிக்க, எலி அங்கே போய் நிற்கிறது. திருச்சபையின் மறைக்கல்வி நூலும் மனித உயிரைக் காக்கும் சோதனையை அளவோடு ஏற்று, விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதை மறுக்கிறது. லீமா நகர மடத்தின் நோயாளிகளைப் பேணிய புனித மார்ட்டின் தே போரஸின் காலடியில் எலிகளை வரைவது வழக்கம். துணிகளைக் கடித்த எலிகளைக் கொல்லவிடாமல் தோட்டத்துக்கு அழைத்துப்போய் உணவளித்தார் என்பது அவரைப் பற்றிய கதை.

ஆய்வுக்கூடத்து எலிக்கு அந்தத் தோட்டம் பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பதை மறைக்க வேண்டாம். சோதனை முடிந்தபின் மூளையையோ நரம்பையோ பார்ப்பதற்காகப் பல எலிகளை மயக்கிக் கொன்றுவிடுகிறார்கள். அதனால்தான் அதற்கு முந்திய நாட்கள் முக்கியமாகின்றன. நல்ல ஆய்வுக்கூடத்தில் முதல் சில நாட்கள் ஊசிப் பெட்டியைத் திறப்பதே இல்லை. அதே ஆள் வந்து, அதே கையால் எலியைத் தூக்கி, சற்று நேரம் வைத்திருந்து இறக்கிவிடுவார். பிறகு குழாய்; முதல் நாள் சில நிமிடம், அடுத்த நாள் இன்னும் சற்று; வெளியே வந்ததும் தின்ன ஏதாவது. இப்படிப் பழக்கினால், சில நாட்களில் குழாயை எதிரே வைத்ததும் எலி தானாகவே உள்ளே நடந்துபோய் விடுகிறது.